கிருமிகளும் பாடம் படிக்கின்றன

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலரில் மொழியின் தொன்மையையும் கலைகளின் பெருமையையும் எழுதுவது மரபு. இம்முறை நாம் அறிவியற் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டோம். இதற்குக் காரணங்கள் இரண்டு. எத்துறையையும் தமிழிற் சொல்ல முடியும் என்பதை எமது பிள்ளைகள் கண்ணாற் காணவேண்டும் என்பது முதலாவது. இப்பொருள் ஒவ்வொரு வீட்டின் மருந்துப் பெட்டியோடும், வைத்தியசாலைக்குப் போய்வரும் ஒவ்வொரு அம்மம்மாவோடும் அப்பப்பாவோடும் தொடர்புடையது என்பது இரண்டாவது.

"மருந்து எடுத்து எடுத்து உடம்பு பழகிவிட்டது, இனி அந்த மருந்து கேளாது" என்று எம்மவர்கள் சொல்வதுண்டு. இது சரியன்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பொறுத்தவரை, பழகுவது எமது உடம்பு அன்று. உடம்பினுள் இருக்கும் பற்றீரியாக்களே. அதிலும் வியப்பு என்னவெனில், ஒரு மருந்தை ஒருநாளும் சந்தித்திராத பற்றீரியா கூட அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றலை இன்னொரு பற்றீரியாவிடமிருந்து பெற்றுக்கொள்ள முடியும். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், நாம் வாழும் இந்நகரில் அதனால் என்ன நேர்ந்தது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

மருந்தும் எதிர்ப்பும்

1928ஆம் ஆண்டில் இலண்டனில் அலெக்சாந்தர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். ஒரு பூஞ்சணம் சுரந்த பொருள் தன்னைச் சூழ்ந்திருந்த பற்றீரியாக்களை அழித்திருந்தது. 1940களில் அது மருந்தாக வந்தபோது, அதுவரை உயிரைக் குடித்துவந்த புண்களும் காய்ச்சல்களும் சில நாட்களில் குணமாகின. இவ்வகை மருந்துகளையே நாம் நுண்ணுயிர்க்கொல்லிகள் என்கிறோம். வீட்டுப் பேச்சில் 'அன்ரிபயோட்டிக்' என்பது இதுவே.

ஆயினும் எச்சரிக்கை தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பெனிசிலின் பரவலான பாவனைக்கு வருமுன்பே, 1940இல், அதனைச் சிதைக்கும் நொதியம் ஒன்று பற்றீரியாவில் இருப்பதை ஏபிரகாம், செயின் என்னும் இரு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது பிளெமிங் தாமே, போதாத அளவில் மருந்தை உட்கொள்வோர் கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கற்பித்துவிடுவர் என்று கூறினார்.

பற்றீரியா மருந்தை எதிர்க்கும் வழிகளை நான்காக வகுக்கலாம். நொதியத்தால் மருந்தைச் சிதைத்தல் ஒன்று. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுதல் இரண்டு. மருந்து நுழையும் வாயிலை ஒடுக்குதல் மூன்று. மருந்து சென்று பற்றும் இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளுதல் நான்கு. எந்த வழியாயினும், அதனைச் செய்வதற்கான கட்டளை பற்றீரியாவின் பரம்பரையலகுகளில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பரம்பரையலகு என்பது பிள்ளைகள் தம் பாடசாலையில் 'ஜீன்' என்று படிப்பதாகும்.

பாடநூலும் கைப்பிரதியும்

மாணவச் செல்வங்களே, ஒரு பற்றீரியாவை ஒரு மாணவனாக எண்ணிக்கொள்ளுங்கள். அதனிடம் ஒரு பெரிய பாடநூல் உண்டு. அதுவே நிறமூர்த்தம். பற்றீரியா இரண்டாகப் பிரியும்போது பாடநூலும் படியெடுக்கப்பட்டு, பிள்ளைக் கலங்கள் இரண்டுக்கும் ஒவ்வொன்றாகச் செல்லும். படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை நேரும். இதனை விகாரம் என்பர். பெரும்பாலான பிழைகளால் நன்மை இல்லை. ஆயினும் அரிதாக ஒரு பிழை, மருந்து பற்றும் இடத்தை மாற்றிவிடுகிறது. மருந்து வரும்போது ஏனையவை மடிய, பிழை கொண்டது மட்டும் எஞ்சிப் பெருகும். நல்ல சூழலில் ஈ. கோலை என்னும் குடற் பற்றீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஆகவே எஞ்சிய ஒன்று ஒரே நாளில் பெருங்கூட்டம் ஆகிவிடலாம்.

இது தாயிடமிருந்து சேய்க்குச் செல்லும் வழி. இதனிலும் விரைவான வழி ஒன்று உண்டு. பல பற்றீரியாக்கள் பாடநூலைத் தவிரச் சிறிய கைப்பிரதிகளையும் வைத்திருக்கின்றன. வளையமாக அமைந்த இச்சிறு டி.என்.ஏ. துண்டுகளே பிளாஸ்மிட்டுகள். 1952இல் யோசுவா லெடர்பேர்க் இப்பெயரை இட்டார். இரு பற்றீரியாக்கள் நெருங்கித் தொட்டுக்கொள்ளும்போது, ஒன்று தன் கைப்பிரதியைப் படியெடுத்து மற்றதற்குக் கொடுக்கிறது; கொடுத்தபின் தன்னிடமும் ஒன்றை வைத்துக்கொள்கிறது. வாங்குவது கொடுப்பதன் உறவாக இருக்கவேண்டும் என்பதில்லை. வேறோர் இனமாகவும் இருக்கலாம். ஒரு வகுப்பு மாணவன் எழுதிய குறிப்பு மற்ற வகுப்புக்கும், பின்னர் மற்றப் பாடசாலைக்கும் கைமாறிப் போவதை ஒத்தது இது.

இவ்வுண்மை யப்பானில் வெளிப்பட்டது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கு வயிற்றுளைவு நோய் பரவியது. 1950களில், சல்ஃபா மருந்து, ஸ்ரெப்ரோமைசின், குளோரம்ஃபெனிகோல், ரெட்ராசைக்கிளின் ஆகிய நான்கையும் ஒருங்கே எதிர்க்கும் சிகெல்லாப் பற்றீரியாக்கள் தோன்றின. நான்கு எழுத்துப் பிழைகள் ஒன்றாக நேர்வது நம்பத்தக்கதன்று. 1959இல் அகிபா, ஒச்சியாய் ஆகியோரின் குழுக்கள் விடையைக் கண்டன. எதிர்ப்புள்ள ஈ. கோலையையும் எதிர்ப்பற்ற சிகெல்லாவையும் ஒன்றாகக் கலந்துவைத்தபோது, நான்கு எதிர்ப்புகளும் ஒரே கட்டாகச் சிகெல்லாவுக்குச் சென்றன.

கட்டாகச் செல்வது ஏன்? இங்கே மூன்றாவது பாத்திரம் வருகிறது. பாடநூலிலிருந்து தானே கழன்று, கைப்பிரதியினுள் தானே ஒட்டிக்கொள்ளும் தாள் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அத்தகைய டி.என்.ஏ. துண்டைத் தாவும் துண்டு என்று நாம் சொல்லலாம். ஆய்வாளர் அதனை ரான்ஸ்போசன் என்பர். சோளப் பயிரை ஆராய்ந்த பாபரா மக்லின்ரொக் அம்மையார் தாவும் பரம்பரையலகுகளை முதலிற் கண்டார். நெடுங்காலம் உரிய மதிப்புப் பெறாதிருந்த அக்கண்டுபிடிப்புக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. பற்றீரியாக்களிலோ இத்துண்டுகள் எதிர்ப்புப் பரம்பரையலகுகளைச் சுமந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பிளாஸ்மிட்டில் வந்து சேர்கின்றன. இதன் விளைவு பாரதூரமானது. நான்கு எதிர்ப்புகள் ஒரே கைப்பிரதியில் இருக்குமாயின், நான்கு மருந்துகளுள் எந்த ஒன்றைப் பாவித்தாலும் நான்கு எதிர்ப்புகளும் காப்பாற்றப்படும்.

கைமாறும் வழிகள் வேறும் உள. மடிந்த பற்றீரியாவின் டி.என்.ஏ.யை உயிருள்ளது உறிஞ்சிக்கொள்வது ஒன்று. இவ்வாறு கைமாறும் பொருள் டி.என்.ஏ.யே என்பதை 1944இல் நிறுவிய குழுவின் தலைவர் ஒஸ்வல்ட் ஏவரி, கனடாவின் ஹலிபக்ஸ் நகரிற் பிறந்தவர். பற்றீரியாவைத் தாக்கும் வைரசு, ஒன்றின் துண்டை மற்றதற்குக் காவிச் செல்வது இன்னொன்று.

எதிர்ப்புப் பரம்பரையலகுகள் மனிதரின் மருந்துகளால் உருவாக்கப்பட்டவை என்றும் எண்ணவேண்டாம். ஒன்ராறியோவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் யூக்கொன் பிரதேசத்தின் உறைமண்ணை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். 30,000 ஆண்டுகள் பழைமையான அம்மண்ணில், பெனிசிலின் வகை, ரெட்ராசைக்கிளின், வன்கோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் பரம்பரையலகுகள் இருந்தன. மண்ணில் வாழும் நுண்ணங்கிகள் ஒன்றோடொன்று போரிட்டுச் சேர்த்த பழைய படைக்கலங்கள் அவை. நாம் செய்தது, மருந்துகளைப் பெருமளவிற் பாவித்து, அப்படைக்கலங்களை வைத்திருப்போருக்கு மட்டும் வாழ்வளித்ததே.

எமது மாகாணத்தில் நடந்தது

குளொஸ்ரிடியோயிடிஸ் டிஃபிசில் என்றொரு குடற் பற்றீரியா உண்டு. சுருக்கமாக 'சீ. டிஃபிசில்' என்பர். பிரெஞ்சு படிக்கும் எமது பிள்ளைகளுக்கு டிஃபிசில் என்றால் கடினம் என்பது தெரியும். ஆய்வுகூடத்தில் வளர்க்கக் கடினமாய் இருந்தமையால் 1935இல் அதற்கு அப்பெயர் வந்தது. எமது குடலில் கோடிக்கணக்கான நல்ல பற்றீரியாக்கள் குடியிருந்து, இதற்கு இடம்விடாமல் தடுக்கின்றன. வேறு நோய்க்கென நாம் நுண்ணுயிர்க்கொல்லி எடுக்கும்போது அந்நல்லவையும் மடிகின்றன. வெறுமையான வீட்டில் கள்வன் புகுவதுபோல, வித்தி வடிவில் காத்திருந்த சீ. டிஃபிசில் முளைத்து, நஞ்சு சுரந்து, கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். முதியோருக்கு அது உயிராபத்தாகலாம்.

2003, 2004ஆம் ஆண்டுகளில் கியூபெக் மாகாண வைத்தியசாலைகளில் இந்நோய் பெருகியது. ஷேர்புரூக் பகுதியில் 1991இல் ஓர் இலட்சம் பேருக்கு 35.6 ஆக இருந்த நோய்வீதம் 2003இல் 156.3 ஆயிற்று. 65 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் அது 102இலிருந்து 866.5 ஆக உயர்ந்தது. மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் விவியன் லூ தலைமையில், 2004இன் முதல் ஆறு மாதங்களில் 12 கியூபெக் வைத்தியசாலைகள் ஆராயப்பட்டன. அங்கு 1,703 நோயாளர் இனங்காணப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 6.9 வீதமானோர் முப்பது நாட்களுக்குள் இந்நோயின் காரணமாகவே இறந்தனர்.

ஏன் இத்தனை கொடுமை? பெரும்பான்மை நோயாளரிடம் ஒரே குலத்தைச் சேர்ந்த பற்றீரியா காணப்பட்டது. ஆய்வாளர் அதனை 027 என்று குறிப்பர். அது பழைய குலங்களைவிடப் பன்மடங்கு நஞ்சைச் சுரந்தது. அதோடு, அக்காலத்தில் மிகப் பரவலாகப் பாவிக்கப்பட்ட ஃபுளோரோகுயினலோன் வகை மருந்துகளையும் எதிர்த்தது. சிறுநீர்த் தொற்றுக்கும் நெஞ்சுச் சளிக்கும் கொடுக்கப்பட்ட அம்மருந்து நல்லவற்றை அழித்தது. இதனை மட்டும் விட்டுவைத்தது.

2013இல் வெளியான ஆய்வொன்று, உலகெங்கும் 1985 முதல் 2010 வரை சேகரிக்கப்பட்ட 151 மாதிரிகளின் டி.என்.ஏ.யை எழுத்தெழுத்தாக வாசித்தது. முன்னர் எண்ணியதுபோல இக்கொள்ளைநோய்க் குலம் ஒன்றல்ல, இரண்டு என்பது அப்போது தெரிந்தது. இரண்டும் வட அமெரிக்காவில், குறுகிய கால இடைவெளியில் தோன்றியவை. இரண்டிலும் ஒரே எழுத்துப் பிழை இருந்தது. ஃபுளோரோகுயினலோன் எதிர்ப்பைத் தந்தது அதுவே. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான தாவும் துண்டு ஒன்றும் இருந்தது. அது, ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றதற்குத் தானே கடந்து செல்லவல்ல வகையைச் சேர்ந்தது. ஒரு மருந்தை மிகையாகப் பாவித்தால், அதனை வெல்லும் கிருமி ஓரிடத்தில் மட்டுமன்றி வேறு வேறாக இரு தடவை எழ முடியும் என்பதற்கு இது சான்று. பின்னர் அக்குலங்கள் கடல் கடந்து ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றன.

சென்னையிலிருந்து வந்த எச்சரிக்கை

2008ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், புதுடில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் புதியதோர் எதிர்ப்புப் பரம்பரையலகு கண்டறியப்பட்டது. ஏனைய மருந்துகள் தோற்றபின் வைத்தியர்கள் நாடும் கார்பபெனெம் மருந்துகளையே அது சிதைத்தது. அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயரிட்டனர்.

இதன் பரவலைக் காட்டிய முக்கிய ஆய்வில் முதல் ஆசிரியராக இருந்தவர் ஒரு தமிழர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிரித்தானியாவின் ரிமதி வோல்ஷும் பிறரும் சேர்ந்து 2010இல் அதனை வெளியிட்டனர். இப்பரம்பரையலகு கொண்ட பற்றீரியாக்கள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73 எனக் கண்டறியப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றில் அது பிளாஸ்மிட்டுகளில், அதாவது கைமாறும் பிரதிகளில் இருந்தது. ஆகவேதான் அது ஈ. கோலையிலும் கிளெப்சியெல்லாவிலும் வேறு இனங்களிலும் ஒருங்கே காணப்பட்டது. பிரித்தானிய நோயாளர் 29 பேருள் குறைந்தது 17 பேர் முந்திய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ சென்று வந்தவர்கள்.

ஒரு நகரின் பெயரைக் கிருமியின் ஆற்றலுக்கு இட்டது இந்தியாவில் கடும் எதிர்ப்பை எழுப்பியது. அந்த மனத்தாங்கலில் நியாயம் உண்டு. கிருமிக்குக் கடவுச்சீட்டு இல்லை. வட அமெரிக்காவில் தோன்றிய சீ. டிஃபிசில் குலங்கள் உலகைச் சுற்றியதுபோல, இந்தியாவிற் கண்டறியப்பட்டது கனடாவையும் வந்தடைந்தது.

தடுக்க முடிந்தவை

இவற்றைப் படித்து அஞ்சவேண்டியதில்லை, செய்யத்தக்கவை இருக்கின்றன. கியூபெக் அரசு 2004 ஓகஸ்ட் முதல் சீ. டிஃபிசில் நோயை வைத்தியசாலைகள் கட்டாயமாக அறிவிக்கவேண்டும் என்றாக்கியது. 2005இல் நுண்ணுயிர்க்கொல்லிகளை எப்போது கொடுப்பது, எப்போது கொடாதிருப்பது என்னும் வழிகாட்டிகள் வைத்தியர்களுக்கு அனுப்பப்பட்டன. அதன்பின் கனடாவின் ஏனைய மாகாணங்களில் இம்மருந்துச் சீட்டுகள் கூடியபோது, கியூபெக்கில் அவை குறைந்தன. சென்னையிலும் 2012இல் இந்திய மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடிச் 'சென்னைப் பிரகடனம்' என்னும் செயற்றிட்டத்தை வகுத்தன. 2014 மார்ச்சு முதல் இந்தியாவில், வலிமை மிக்க பல நுண்ணுயிர்க்கொல்லிகளை விற்கும் மருந்துக்கடைகள் நோயாளியின் பெயரையும் வைத்தியரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

எனினும் செய்யவேண்டியது பெரிது. 2019இல் மட்டும் பற்றீரியாக்களின் மருந்தெதிர்ப்பு நேரடிக் காரணமாக உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று கணிக்கப்பட்டுள்ளது. கனடாவில் 2018இல் அவ்வாறு இறந்தோர் தொகை 5,400 என மதிப்பிடப்பட்டது.

எமது வீடுகளில்

பெற்றோர்களுக்கு ஒரு சொல். எஞ்சிய குளிசைகளைப் பக்குவமாக எடுத்துவைக்கும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. அது அறியாமையால் வந்ததன்று. போர்க்காலத்தில், வடக்கே மருந்துப் பொருட்கள் போவது கட்டுப்படுத்தப்பட்டிருந்த நாட்களில், ஒரு குளிசை ஓர் உயிரின் விலை. சேமித்துவைத்தவரே புத்திசாலி. ஆனால் அன்று உயிர்காத்த அப்பழக்கம் இன்று இங்கே தீங்கு செய்கிறது. எஞ்சிய இரண்டு குளிசைகள் நோயைத் தீர்க்கப் போதா. குடலில் வாழும் எண்ணற்ற பற்றீரியாக்களுள் எதிர்ப்புக் கைப்பிரதி வைத்திருப்பவற்றைத் தெரிந்தெடுத்து வளர்க்கப் போதும். தீங்கற்ற பற்றீரியா ஒன்று அப்பிரதியைப் பல மாதங்கள் காத்து, பின்னொருநாள் நோய்க்கிருமிக்குக் கொடுத்துவிடலாம். இன்று பிள்ளையின் வயிற்றிற் சேர்ந்தது நாளை அதே வீட்டில் இருக்கும் அம்மம்மாவின் சிறுநீர்த் தொற்றில் வெளிப்படவும் கூடும்.

ஆகவே சிலவற்றை நினைவிற் கொள்வோம். தடிமனும் இன்புளுவென்சாவும் பெரும்பாலான தொண்டை நோவும் வைரசுகளால் வருவன. நுண்ணுயிர்க்கொல்லி அவற்றைத் தீண்டாது. வைத்தியர் "மருந்து தேவையில்லை" என்றால், அவர் எம்மைப் புறக்கணித்தார் என்று கொள்ளவேண்டாம். தந்தால், சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு எடுப்போம். இடையில் நிறுத்தலாமா என்பதை அவரிடமோ மருந்தாளரிடமோ கேட்போம். ஒருவருக்குத் தந்ததை இன்னொருவருக்குக் கொடாதிருப்போம். ஊருக்குப் போய்வரும்போது அங்கிருந்து இம்மருந்துகளை வாங்கிவந்து வைக்கும் வழக்கத்தை விடுவோம். எஞ்சியவற்றைக் குப்பையிலோ கழிவறையிலோ போடாமல் மருந்தகத்திற் கொடுத்தால், அவர்கள் பெற்றுக்கொள்வர். காலத்துக்குக் காலம் தடுப்பூசி போட்டுக்கொள்வோம். வராத நோய்க்கு மருந்து வேண்டியதில்லை.

வைத்தியசாலையில் உறவினரைப் பார்க்கச் செல்வோர் சவர்க்காரமிட்டு நீரிற் கை கழுவுதல் முக்கியம். சீ. டிஃபிசில் வித்திகளை மதுசாரம் கலந்த கைத்திரவம் கொல்லாது. அவற்றை நீரும் சவர்க்காரமுமே கழுவி அகற்றும்.

மாணவச் செல்வங்களே, இறுதியாக உங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. உங்களிற் பலர் வைத்தியரின் முன் அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் மொழிபெயர்ப்பவர்கள். "அண்மையில் வேறு நாட்டு வைத்தியசாலையில் தங்கியிருந்தீர்களா?" என்று தாதி கேட்டால், அது குடிவரவு விசாரணை அன்று. எதிர்ப்புள்ள கிருமி குடலில் இருக்கிறதா என்று பரிசோதித்து, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைக் காப்பதற்கான கேள்வி அது. கேள்வியின் நோக்கத்தைப் பெரியவர்களுக்குத் தமிழில் விளக்குங்கள்; அவர்கள் அஞ்சாமல் உண்மையைச் சொல்வார்கள். அதற்கு வேண்டிய சொற்கள் உங்களிடம் இருக்கவேண்டும் என்பதற்காகவே பரம்பரையலகு, விகாரம், நொதியம், வித்தி என்று இக்கட்டுரையில் எழுதினோம். பற்றீரியாக்கள் தாம் கற்றதைத் தயங்காமல் பகிர்ந்துகொள்கின்றன. நீங்களும் இங்கே கற்றதை வீட்டுக்குக் கொண்டுசென்று பகிர்ந்துகொள்ளுங்கள்.